கரன்ட் இல்லாமல் ஓடிய சக்கரம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் என் பெயரில் ஒரு பேட்டன்ட் இருக்கிறது. பூந்தமல்லியில் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு இன்ஜினியர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இருக்கிறதா என்று போய்க் கேட்டுப் பாருங்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

போன மாதம் மாடியில் குடியிருக்கும் தம்பி கீழே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர், ஹாலில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். முழுக்க இங்கிலீஷ். நான் அதை ஒரு வரிகூடப் படித்ததில்லை. முத்திரையைத்தான் பார்ப்பேன்.

"சார், கரன்ட்டே இல்லாம தானா ஓடுற மிஷினா? இது நடக்கவே நடக்காதே. எப்படி சார் இதுக்குப் பேட்டன்ட் கொடுத்தாங்க?"

"நடக்காதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. உங்களுக்குப் புஸ்தகம் சொல்லுச்சு. எனக்கு அந்தச் சக்கரமே சொல்லுச்சு."

அவர் சோபாவில் உட்கார்ந்து போனைத் தடவித் தடவிப் படித்துக் காட்டினார். உலகம் முழுக்க இப்படி நிறைய இருக்கிறதாம். வெறும் தண்ணீரில் ஓடும் கார். பூமியின் இழுப்பை மறைக்கும் தகடு. ஒரு தடவை தள்ளிவிட்டால் நிற்கவே நிற்காத ராட்டினம். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு நாட்டில் எவரோ முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி ஒவ்வொன்றையும் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒவ்வொரு மிஷினுக்குப் பின்னாலும் ஒரு லேத்துக்காரன் இருந்திருப்பான், படம் வரைந்தவன் சொன்னபடி உருளையைக் கடைந்து கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பெயர் எதிலும் இருக்காது. என் பெயர் இருக்கிறது. இரண்டாவதாக.

முதல் பெயர் யாருடையது என்று தம்பி கேட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குத் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷெட். மூன்று லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின். அம்பத்தூரில் அடுத்தவன் லேத்தில் இருபது வருஷம் நின்று, பிறகு சொந்தமாகப் போட்டது. நான் கடைந்த ஷாஃப்டைத் திருப்பி அனுப்பிய கம்பெனி கிடையாது. ஆவடியிலிருந்து ஆள் தேடிக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் மைக்ரோமீட்டர் வைத்து அளப்பதை நான் விரலால் தடவியே சொல்வேன். பிறகு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் இருக்கும். இதெல்லாம் எஸ்டேட்டில் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

அது மின்வெட்டுக் காலம். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம், சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் இன்னொன்று. கரன்ட் போன அடுத்த நிமிஷம் எஸ்டேட் முழுக்க ஒரு அமைதி இறங்கும் பாருங்கள், அதை இன்றைக்கு யாரும் கேட்க முடியாது. பிரஸ் அடிப்பது நிற்கும், கிரைண்டர் நிற்கும், கடைசியாக யாரோ ஒருவருடைய லேத்து முனகிக்கொண்டே அடங்கும். பிறகு நெடுஞ்சாலையில் போகும் பஸ் சத்தம் மட்டும்தான். எல்லா ஷெட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து வேப்பமர நிழலில் நிற்பார்கள். அவரவர் முதலாளி, அவரவர் ஆட்டம் என்று இருந்தவர்கள் எல்லாரும் ஒரே டீக்கடையில் நிற்போம். பிழைப்பு கெட்டதென்னவோ உண்மை. ஆனால் என் வாழ்நாளில் நான் அதிகமாகப் பேசியதும் சிரித்ததும் அந்த இருட்டு ஷெட்டுகளின் வாசலில்தான்.

அந்த முதல் பெயர்க்காரன் இந்த மாதிரி நேரங்களில்தான் வருவான். என்னைவிட மூன்று வயது சின்னவன். நசரத்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம். ரோட்டுக்குக் கொஞ்சம், காலேஜுக்குக் கொஞ்சம் என்று நிலம் போக, கிணற்றோடு ஒரு துண்டு மிச்சம் இருந்தது. வெள்ளை வேட்டி, மேல்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். அவன் எனக்கு நைனா, நான் அவனுக்கு அண்ணாத்தே. ஆடி மாதம் அவன் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். அன்றைக்குக் கோயில் தெரு முழுக்க விளக்குப் போடுவது அவன் குடும்பத்து உபயம். தாத்தா காலத்தில் தீவட்டி, அப்பா காலத்தில் பெட்ரோமாக்ஸ், இவன் காலத்தில் ஜெனரேட்டர் வைத்து சீரியல் பல்பு. நிலம் போனபோது அழாதவன் அவன். அந்த உபயத்தைப் பங்காளி ஒருவன் கேட்கிறான் என்று சொன்னபோது பாதியில் எழுந்து முகம் கழுவப் போனான்.

ஒருநாள் மதியம் மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணாத்தே, தண்ணி எறச்சிகினு இருந்தேன். கரன்ட்டு பூட்ச்சி. ஆனா மோட்டாரு நிக்கல. சுத்திகினே கீது. எண்ணிப் பாத்தேன், இருபது எண்றவரைக்கும் சுத்துச்சு."

"அது சுத்தும் நைனா. வேகத்துல சுத்தும்."

"கரன்ட்டு இல்லாத சுத்துச்சே, அப்போ அந்த இருபதுக்குக் கரன்ட்டு குடுத்தது யாரு?"

டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் டீயைக் குடிக்கவில்லை. ஷெட் தரையில் சாக்பீஸால் படம் போட்டான். மோட்டார் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் வேகம் பிடித்ததும் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். சக்கரம் டைனமோவைச் சுற்றும், டைனமோ அதே மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும், மிஞ்சியதில் விளக்கு எரியும். "சின்ன மோட்டாருக்கே இருபது. பெரிய சக்கரத்துக்கு?" என்றான். சாக்பீஸ் வட்டம் முடிகிற இடத்திலேயே மறுபடி தொடங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பழைய இரும்புக் கடையிலிருந்து பிரஸ் மிஷின் சக்கரம் ஒன்றை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினான். என் இடுப்பு உயரம். நான் அதைக் கடைந்தேன். கரன்ட் இருக்கும் நேரத்தில் கம்பெனி வேலை, அது முடிந்ததும் சக்கர வேலை. முதல் ஓட்டத்தில் மெயினை இறக்கிய பிறகு பல்பு இரண்டு நிமிஷம் எரிந்தது. அவன் ஷெட்டிலேயே ஒரு குதி குதித்தான்.

பேரிங்கை மாற்றினேன். கிரீஸைக் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். ஐந்து நிமிஷம். சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்டோடு இரண்டு கூரான இரும்பு விளிம்புகளின் மேல் உட்காரவைத்து, கனத்த பக்கத்தைத் தேடித் தேடி இரும்பை எடுத்தேன். எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே நிற்கும்படி செய்தேன். ஒரு கொசு உட்கார்ந்தால் திரும்பும், அவ்வளவுதான் பாக்கி. பத்து நிமிஷம். பெல்ட்டை மாற்றினேன். பன்னிரண்டு.

"பாத்தியா அண்ணாத்தே, ஏறிகினே போவுது! இப்டியே போனா தீபாவளிக்குள்ள நிக்காமயே ஓடும்."

அவனுக்கு அது ஏறுவது தெரிந்தது. எனக்கு வேறொன்று தெரிந்தது. முதல் தடவை மூன்று நிமிஷம் கூடியது, அப்புறம் ஐந்து, அப்புறம் இரண்டு. அதற்குப் பிறகு ஒரு வாரம் உயிரைக் கொடுத்து வேலை செய்தால் அரை நிமிஷம். லேத்தில் நின்றவனுக்கு ஒன்று தெரியும். எவ்வளவு நைசாகக் கடைந்தாலும், எவ்வளவு துடைத்தாலும், கருவியை வைத்தால் ஏதாவது ஒரு அளவு காட்டும். பூஜ்யம் என்று ஒரு அளவு லேத்தில் கிடையாது. உரசலும் அப்படித்தான். குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஒழியாத வரைக்கும் சக்கரம் நின்றே தீரும். இது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அதைச் சொல்லி இருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் அந்தச் சக்கரம் சுற்றும்போது சுற்றுவதே தெரியாது. சத்தமில்லாமல், நடுக்கமில்லாமல், சும்மா நிற்பது மாதிரி இருக்கும். பக்கத்து ஷெட்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "யாரு கடைஞ்சது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு வேண்டியிருந்தது.

அப்போது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம். பூஜைக்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவோம். கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்ததும் ஷட்டரை மூடிவிட வேண்டும். மறுநாள் காலை வரை மிஷின் முகத்தில் யாரும் விழிக்கக் கூடாது, அவை ஓய்வெடுக்க வேண்டும். அவன் அன்றைக்குச் சக்கரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றான்.

"ஆயுத பூஜையும் அதுவுமா மிஷினை ஓட்றதா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"நாமளா ஓட்றோம்? மெயினு இறங்கிக் கீது, கரன்ட்டு இல்ல. அது தானா ஓடுது அண்ணாத்தே. அத்த நிறுத்தத்தான் நமக்கு உரிமை இல்ல."

நல்ல நேரத்துக்குச் சற்று முன்னால் சக்கரத்தை வேகப்படுத்தி, எல்லார் கண் முன்னாலும் மெயினை இறக்கினோம். சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். சுற்றும்போது அது ஒரு சிவப்பு வளையமாகத் தெரிந்தது. பல்பு எரிந்தது. எஸ்டேட்டே வந்து நின்றது. அவன் கூட்டி வந்த பேட்டன்ட் ஏஜென்டும் நின்றான், அம்பத்தூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்த, டை கட்டிய ஆள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். கற்பூரம் காட்டினோம். வெளியே பூசணிக்காய் உடைத்தோம். பழக்கப்படி நான் ஷட்டரை இறக்கினேன். எரிகிற பல்பின் மேலேதான் ஷட்டர் இறங்கியது. வீடியோவும் அங்கேயே முடிந்தது.

எல்லாரும் பொரி கடலை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஷட்டரில் காதை வைத்தேன். பெல்ட்டின் சத்தம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு டக் டக் என்று தனித்தனியாகக் கேட்டது. பிறகு இல்லை. என் கையில் இருந்த பொரி பாதிகூடத் தீரவில்லை.

பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஷட்டரைத் திறந்தபோது சக்கரம் நின்றிருந்தது. "விடியக்காலைலதான் நின்னுருக்கும்" என்றான் அவன். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்துக்குள், அது ராத்திரி முழுக்க ஓடியது என்று எஸ்டேட் பேசியது. அதற்கு அடுத்த வாரம் வேலப்பன்சாவடி டீக்கடையில், மூன்று நாள் ஓடியது என்று ஒருவர் என்னிடமே சொன்னார். நின்றதை ஒருவரும் பார்க்கவில்லை, அல்லவா?

ஏஜென்ட் விவரமானவன். "இங்க கேட்டா ஓட்டிக் காட்டச் சொல்வாங்க. கடல் தாண்டி ஒரு சின்ன நாடு இருக்கு. அங்க பேப்பரை மட்டும்தான் பாப்பாங்க. படம் சுத்தமா இருந்தா சீலு வந்துடும்" என்றான். அந்த நாட்டின் பெயர் எனக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை. டிப்ளமா படித்த ஒருவன் அழகாகப் படம் வரைந்து கொடுத்தான். பங்குனி மாதம் சான்றிதழ் வந்தது. நைனா அதை முதலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்தான். பிறகு ஊரில் சொல்லிவிட்டான்: இந்த வருஷம் ஆடிக்கு ஜெனரேட்டர் வேண்டாம், என் மிஷினே தெருவுக்கு விளக்குப் போடும்.

அதைக் கேட்ட பிறகு, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை நசரத்பேட்டைக்குப் போனேன். இரண்டு தடவையும் அவன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவருதான் கடைஞ்சாரு" என்று தெருக்காரர்களுக்குக் காட்டினான். திரும்பி வந்துவிட்டேன்.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மூன்று பேர் என் ஷெட்டுக்கு வந்தார்கள். கோயில் பெரியவர், உபயத்தைக் கேட்கிற பங்காளி, நடுவில் அவன்.

பங்காளிதான் பேசினான். "ஜெனரேட்டருகாரன் இன்னிக்குப் பதில் கேக்கறான். இல்லன்னா வேற ஊருக்குப் பூடுவானாம். அதான் நேர்ல பாத்துட்லாம்னு வந்தோம். ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டு. நின்னுச்சுன்னா இந்த வருஷத்துலருந்து வெளக்கு எங்க ஊட்டு உபயம். இன்னா, சரியா?"

"ஒரு மணி நேரம் இன்னாடா, ஒரு நாளு உக்காந்து பாரு" என்றான் அவன். பெரியவர் முன்னிலையில் பங்காளியின் கையில் கை அடித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாத்தே, சுச்ச போடு" என்றான்.

நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். போட்டால் கால் மணி நேரத்தில் சக்கரம் நிற்கும். தாத்தா தீவட்டி பிடித்த உபயம் போய்விடும். அதோடு தீராது. இது நடக்காத காரியம் என்று நான் சொன்னால், பத்து மாசமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் பைத்தியக்காரனாகிவிடுவான். கரன்ட் வேறு இருந்தது. அன்றைக்குப் பார்த்து மின்வெட்டு இல்லை.

"போட மாட்டேன்" என்றேன்.

"இன்னாண்ணாத்தே?"

"ஓடாது நைனா. தப்பு என்னுது. சக்கரத்தை நான் சரியா கடையல. நடு தப்பிப்போச்சு. ஆயுத பூஜை அன்னிக்கே ஷட்டரை மூடினதும் நின்னுடுச்சு, நான் காதால கேட்டேன். சொன்னா என் பேரு கெட்டுடும்னு மறைச்சிட்டேன்."

சொன்னதில் பாதி பொய். பொய்யான பாதி எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாள் வரை என் வேலை சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. என் மூன்று ஆட்களும் லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பங்காளி கைகொட்டிச் சிரித்தான். "பெரிய டர்னரு, விரலாலயே அளப்பாராம்!" பெரியவர் அவனை அதட்டினார். "சும்மா கெடடா. கடைஞ்சவனே தன் தப்புன்னு ஒத்துகினான். ஏமாந்தவன் மேல இன்னா தப்பு? வெளக்கு எப்பவும்போல இவன் உபயம்தான். ஜெனரேட்டருகாரன வரச் சொல்லு."

நைனா சக்கரத்துக்குப் பக்கத்தில் போனான். அதன் மேல் கையை வைத்து ஒரு தடவை தடவினான். பிறகு என்னைப் பார்க்காமல் போனான்.

அந்த ஆடிக்குத் தெரு முழுக்க விளக்கு எரிந்தது. நான் போகவில்லை. கேள்விப்பட்டேன். பங்காளி வாயால் கதை திருமழிசை முழுக்கப் பரவியது. பழைய கம்பெனிகள் இரண்டு, வேலையை வேறு ஷெட்டுக்குக் கொடுத்தன. ஒரு வருஷம் ஆனது, அவர்கள் திரும்பி வர. வந்தார்கள், அது வேறு விஷயம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவனாகவே வந்தான். பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு என் தோளில் கை வைத்தான். "வுடு அண்ணாத்தே. மனுஷன் கைதானே. தப்பு வரத்தான் செய்யும்." என்னை மன்னித்துவிட்டான். ஒரு மோசமான வேலைக்காரனை மன்னிப்பதுபோல. நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது திருமழிசையில் கரன்ட் போவதே அபூர்வம். ஷெட்டை என் மகன் பார்த்துக்கொள்கிறான். கம்ப்யூட்டர் வைத்த லேத்து, பக்கத்தில் ஆளே வேண்டாம். நான் அங்கே போனால் பேச ஒருவரும் வெளியே வந்து நிற்பதில்லை. நைனாவை நான் பார்ப்பதெல்லாம் கல்யாணங்களில்தான். அவன் இதைப் படிக்க மாட்டான், படித்தாலும் நம்ப மாட்டான். அந்தத் தைரியத்தில் இங்கே ஒரு தடவை எழுதிவைக்கிறேன்: அந்தச் சக்கரம் ஒரு மயிரிழைகூட நடு தப்பவில்லை. அதைவிடச் சுத்தமாக எந்த ஊரிலும் யாரும் கடைந்திருக்க முடியாது.

போன முகூர்த்தத்தில் பூந்தமல்லி மண்டபத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவனுக்கு அந்தப் பக்கம் அவனுடைய புது சம்பந்தி. அவரிடம் என்னைக் காட்டிச் சொன்னான்:

"இவருதான் சம்பந்தி நம்ப பார்ட்னரு. தங்கமான மனுஷன். கை மட்டும் கொஞ்சம் பத்தாது. இல்லாங்காட்டி," என்று மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன்களையும் மண்டபத்து விளக்குகளையும் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான், "இதெல்லாம் இன்னிக்கு ஓசில ஓடும்."

சம்பந்தி குனிந்து என் கைகளைப் பார்த்தார். "அப்படிங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "அப்போ கொஞ்சம் அசந்துட்டேன்."

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ, சாப்புடு" என்றான் அவன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான். "இந்தாப்பா, அண்ணாத்தேக்கு இன்னொரு வடை வை."